படிக்கட்டில் பொறுக்கிய வார்த்தை

கமிஷன் வாங்கினாள் என்பது சுத்தப் பொய். சலவைக் கடை பெஞ்சில் உட்கார்ந்து, சட்டை தேய்த்து வரும்வரை அடுத்த வீட்டுப் பெண்ணின் பெயரைப் போட்டுத் துவைக்கிறவர்களுக்கு என்ன தெரியும்? கவர் கொடுத்தார்கள், உண்மை. மேஜைமேல் வைத்தார்கள், அதுவும் உண்மை. பார்த்த கண் ஒன்று இருக்கிறது. ஆனால் அந்தக் கண் கடைசிவரை நின்று பார்த்திருக்க வேண்டும். பாதியைப் பார்த்துவிட்டு மீதியை வாயால் நிரப்பினால் அதற்குப் பெயர் சாட்சி இல்லை.

அதற்காக அவள் தப்பே செய்யாதவள் என்றும் இங்கே யாரும் சொல்ல வரவில்லை. அவள் செய்தது ஒன்று, ஊர் சொல்வது வேறொன்று. திட்டுவதானால் செய்ததற்குத் திட்டுங்கள். செய்யாததற்குத் திட்டிக்கொண்டிருந்தால் செய்தது சத்தமில்லாமல் தப்பித்துப் போய்விடும். அவளுக்கே அதில் சம்மதம் இல்லை.

குடியிருப்பில் அவளைக் கம்ப்யூட்டர்க்காரி என்பார்கள். மூன்றாம் மாடி வீடு, புருஷன், எட்டு வயதில் ஒரு மகள். புருஷனுக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. பகல் முழுக்க ஊரில் உள்ள லிஃப்டுகளுக்கெல்லாம் வைத்தியம் பார்த்துவிட்டு, சாயங்காலம் லிஃப்டே இல்லாத கட்டடத்துக்கு வந்து மூன்று மாடி ஏறுவான். அதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவான்.

அவள் வேலை பார்த்தது வீடு வாங்கி விற்கிற ஆபீஸ். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, டயர் கடைக்கு மேலே, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு நீள அறை. முதலாளிக்கு மட்டும் தடுப்பு கட்டிய சின்ன அறை. வெளியே நான்கு மேஜைகள். ஒன்றில் முதலாளியின் மைத்துனன், ஒன்றில் வீடுகளைப் படம் எடுக்கிற போட்டோக்காரன், ஒன்றில் வீடு காட்டக் கூட்டிப்போகிறவர், கடைசி மேஜையில் இவள். ஒப்பந்தங்களை டைப் அடிக்கத்தான் சேர்ந்தாள். குனிந்த தலை நிமிராமல் டைப் அடித்துவிட்டு ஐந்தரைக்குக் கிளம்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

முதலாளி நிறையச் செலவு செய்து ஒரு வெப்சைட் போட்டிருந்தார். திறந்தால் கண்ணைப் பறிக்கும். கனவு இல்லம், உன்னத வாழ்விடம், சொர்க்கத்தின் வாசல் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டம். ஆனால் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை, ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. ஏன் ஆள் வரவில்லை என்று முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக் கத்திக்கொண்டிருந்த ஒரு நாள், கடைசி மேஜையிலிருந்து இவள் வாயைத் திறந்தாள்.

“சார், சொர்க்கத்தின் வாசல்னு யாரும் தேட மாட்டாங்க. தேடுனாலும் வீடு வாங்குறதுக்காகத் தேட மாட்டாங்க.”

போட்டோக்காரன் சிரித்துவிட்டான். முதலாளி சிரிக்கவில்லை. பின்ன எதைத் தேடுவார்கள் என்று கேட்டார்.

“தண்ணி ஒழுங்கா வருமா, ரெண்டு ரூம் இருக்கா, பள்ளிக்கூடம் பக்கமா, இதத்தான் சார் தட்டுவாங்க. வீட்டுல எப்படிப் பேசிக்குவாங்களோ அப்படியே.”

அன்றைக்கே அந்த வேலை இவள் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்வதைவிட, இவள் ஆசையாக ஏந்திக்கொண்டாள் என்பதுதான் சரி.

வேலை என்னவென்றால் இதுதான். உலகத்தில் யாருக்கு என்ன வேண்டுமானாலும் போனில் ஒரு பெட்டியைத் திறந்து இரண்டு வார்த்தை தட்டுகிறார்கள், இல்லாவிட்டால் வாய்விட்டுச் சொல்கிறார்கள். அந்த வார்த்தை எந்தக் கடையின் பக்கத்தில் இருக்கிறதோ அந்தக் கடை மேலே வந்து நிற்கும். எந்த வார்த்தையை மாதத்துக்கு எத்தனை பேர் தட்டுகிறார்கள் என்பதற்கு ஒரு பட்டியலும் உண்டு. நிறையப் பேர் தட்டுகிற வார்த்தையைப் பெரிய கம்பெனிகள் வளைத்துப் போட்டுவிடும். “வீடு விற்பனைக்கு” என்று நீ எழுதினால் ஆயிரத்தில் ஆயிரத்தோராவதாகக் கிடப்பாய். சின்ன ஆபீஸ் பிழைக்க வேண்டுமானால், கொஞ்சம் பேர் தட்டுகிற, ஆனால் போட்டிக்கு ஆளில்லாத நீள வாக்கியமாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் எழுத்துத் தமிழில்தான் தேடுகிறார்கள் என்று நினைப்பு. தேடும்போது எல்லோருக்கும் வாய்தான் விரலுக்கு வருகிறது.

அதை அவள் எப்படியோ முதல் வாரத்திலேயே பிடித்துக்கொண்டாள். கைப்பையில் ஒரு சின்ன நோட்டு போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் இரண்டு பேர் வீட்டைப் பற்றிப் பேசினால் காதைத் தீட்டிக்கொள்வாள். டாக்டரிடம் மகளைக் கூட்டிப் போய்க் காத்திருக்கும்போது, பக்கத்து நாற்காலிக்காரி வீட்டுக்காரரைத் திட்டினால் அதையும் குறித்துக்கொள்வாள். ஒரு ஆள் போனில் யாரிடமோ, நாய் இருக்கிறது என்று சொன்னாலே கதவைச் சாத்துகிறார்கள், நாயை வைத்துக்கொள்ள விடுகிற வீடு ஒன்றுகூட இல்லையா என்று புலம்பினான். அப்படியே எழுதினாள். “நாய் வெச்சுக்க விடுற வீடு.” பட்டியலில் பார்த்தால் அதை மாதம் நானூறு பேர் தட்டுகிறார்கள், எழுதி வைத்தவர்கள் யாருமே இல்லை. ஆபீஸ் கையில் அப்படி மூன்று வீடு இருந்தது. பத்து நாளில் மூன்றும் போயின. வாங்கினவர் ஒருவர் நாயையே கூட்டிக்கொண்டு வந்து நன்றி சொன்னார். அது போட்டோக்காரனின் பையை மோப்பம் பிடித்து உள்ளிருந்த பன்னைத் தின்றுவிட்டது.

முதலாளிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். ஆபீஸில் அவளுக்கு வார்த்தைக்காரி என்று பெயர் விழுந்தது. வீட்டில் மகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவள் வாழ்க்கையில் யாரும் அவளைக் கெட்டிக்காரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த வார்த்தையின் ருசி லேசில் நாக்கை விட்டுப் போகாது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்றதைக் கேட்க வேண்டும்.

வாங்குகிறவர்கள் வரத் தொடங்கியதும் முதலாளிக்கு அடுத்த ஆசை வந்தது. விற்கிறவர்களைப் பிடிக்க வேண்டும். அதுவும் சாவகாசமாக விற்கிறவர்களை இல்லை. நாலு இடத்தில் விலை கேட்டு நிதானமாக விற்கிறவனிடம் லாபம் பார்க்க முடியாது. அவசரத்தில் இருக்கிறவன் என்ன தட்டுவான் என்று பார்க்கச் சொன்னார்.

அவள் பட்டியலைத் திறந்தாள். அதில் இருந்ததைப் பார்த்தபோது முதலில் கை தானாக நின்றது. புருஷன் இறந்த பிறகு வீட்டை விற்கலாமா. பிரிந்து வந்துவிட்டேன், வீட்டில் எனக்குப் பங்கு உண்டா. வீட்டை உடனே விற்க வேண்டும், யாருக்கும் தெரியக்கூடாது. நாய்க்கு வீடு தேடியது போல் இது சிரிக்கிற சமாசாரம் இல்லை. யாரோ கதவைச் சாத்திக்கொண்டு அழுவதைச் சுவரில் காது வைத்துக் கேட்பது போல இருந்தது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு எண்ணிக்கை இருந்தது, போட்டி குறைவு என்ற குறிப்பும் இருந்தது. எண்ணிக்கையைப் பார்க்கத் தொடங்கினால் அழுகைச் சத்தம் கேட்காது. அவள் எண்ணிக்கையைப் பார்த்தாள்.

விற்கிறவர்களுக்கென்று தனியாகச் சில பக்கங்கள் போட்டார்கள். அதில் ஆபீஸ் பெயர் இருக்காது. மைத்துனன் பெயரும் அவன் மேஜையில் இருக்கும் போனின் நம்பரும்தான். ஆட்கள் அதைப் பார்த்துக் கூப்பிடுவார்கள். மைத்துனன் போய்ப் பார்த்து, ஆளுடைய அவசரத்தை எடைபோட்டு, அடிமாட்டு விலை பேசி வாங்கிவிடுவான். பிறகு சுவருக்கு வெள்ளையடித்து அதே வீடு ஆபீஸ் வெப்சைட்டில் நல்ல விலைக்கு ஏறும்.

இது அவளுக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியும். போட்டோக்காரன் ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை போய் வந்தான். முதல் படத்தில் கட்டிலும் மருந்து பாட்டிலும் இருக்கும். ஒரு மாதம் கழித்து வரும் படத்தில் வெறும் வெளிச்சம் இருக்கும். இரண்டுக்கும் வார்த்தை எழுதியவள் அவள்தான். தெரியாது என்று சாதிக்கலாம். அவள் சாதிக்கவில்லை. தெரிந்தும் தெரியாதது போல் இருந்தாள், அவ்வளவுதான். அப்படிப் பதினோரு வீடு போனது.

இனி தையல்காரி.

நான்காம் மாடியில், இவள் தலைக்கு நேர் மேலே இருக்கிறவள் அந்த அக்கா. புருஷன் போய்ப் பல வருடம் ஆகிறது, பிள்ளை இல்லை. வீடு சொந்தம். கால்சட்டை ஓரம் மடிப்பது முதல் பள்ளிச் சீருடைவரை அந்தக் கட்டடத்தின் துணியெல்லாம் அவள் மெஷினுக்குள் போய்த்தான் வெளியே வரும். இவள் மகள் அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும். பள்ளி விட்டு வந்து அம்மா வரும்வரை அந்த மெஷினுக்குப் பக்கத்தில் வெட்டுத் துணியில் பொம்மைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருக்கும்.

ஒரு சாயங்காலம் தையல்காரி துணி மூட்டையோடு மூன்றாம் மாடித் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முட்டி இரண்டும் வீங்கியிருந்தன. இவள் மூட்டையை வாங்கிக்கொண்டாள்.

“கால் நல்லா இருந்தப்போ நான் மாடி மேல ஏறுனேன். இப்போ மாடி என் மேல ஏறி நிக்குது,” என்றாள் தையல்காரி. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு மெதுவாக, “மாடி ஏற முடியல கண்ணு. இந்த வீட்டக் குடுத்துட்டு எங்கயாவது கீழ்வீடா ஒண்ணு பாத்துக்கணும். யார்கிட்ட சொல்றது,” என்றாள்.

அக்காவை மேலே கொண்டுபோய் விட்டாள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். தைலம் தேய்த்தும் விட்டாள். அத்தனையும் மனசாரத்தான் செய்தாள். கீழே இறங்கி வந்து, கதவைத் திறக்கும் முன்பே, நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.

மறுநாள் பட்டியலில் பார்த்தாள். “மாடி ஏற முடியல, கீழ்வீடு வேணும்.” மாதம் முந்நூற்றுச் சொச்சம் பேர். போட்டி இல்லை. அன்று மதியத்துக்குள் பக்கம் தயாராகிவிட்டது. “மாடி ஏற முடியலயா? இந்த வீட்டைக் கொடுத்துட்டு ஒரு கீழ்வீடு பார்த்துக்கலாம். யார்கிட்ட சொல்றதுன்னு யோசிக்காதீங்க.” முதலாளி அதைப் படித்துவிட்டு, இது வார்த்தை இல்லை தூண்டில் என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அவளும் பாராட்டாகத்தான் வாங்கிக்கொண்டாள். அக்காவின் வாயில் வந்ததை அப்படியே போட்டிருக்கிறோமே என்று ஒரு நிமிஷம் நெருடியது. யாருக்குத் தெரியப் போகிறது, வார்த்தை என்ன ஒருத்தியின் சொத்தா என்று சமாதானம் செய்துகொண்டாள்.

ஊருக்குப் போட்ட அந்தத் தூண்டில் தலைக்கு நேர் மேலேயே போய் விழும் என்று அவள் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை. போட்டோக்காரன் புதிதாக எடுத்து வந்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, மைத்துனன் பேசி முடித்த வீடு, வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவு, இப்போதே வார்த்தை தயார் செய்து வை என்றான். அவள் முதல் படத்தைத் திறந்தாள். ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே தையல் மெஷின். பக்கத்து ஆணியில் பாதி தைத்த சின்னச் சீருடை தொங்கிக்கொண்டிருந்தது. அது அவள் மகளின் சீருடை.

அக்காவிடம் பேசிய விலை என்ன, இங்கே போடப் போகிற விலை என்ன என்று இரண்டையும் பார்த்தாள். பாதிக்குக் கொஞ்சம் மேல். அந்த விலையை வைத்துக்கொண்டு அக்கா கீழ்வீடு வாங்க முடியாது. வாடகைக்குத்தான் போக வேண்டும், அதுவும் எத்தனை நாளைக்கு. அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். திரும்பி வந்து என்ன செய்தாள் என்று சலவைக் கடைக்காரர்களுக்குத் தெரியாது, தெரிந்தால் கவரை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். உட்கார்ந்து எழுதினாள். மேல்தளம், நல்ல காற்று, தலைக்கு மேல் சத்தம் இல்லாத வீடு. மூன்றும் நல்ல வார்த்தைகள். அவளுக்கு நல்ல வார்த்தைதான் வரும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தையல்காரி படியிறங்கி வந்து கதவைத் தட்டினாள், சீருடையைக் கொடுப்பதற்கு. ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்திருக்கிறாள், முகத்தில் அப்படி ஒரு தெளிவு. வீட்டைக் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னாள். போனிடம் வாய்விட்டுக் கேட்டாளாம், முதலிலேயே அந்தப் பக்கம் வந்ததாம்.

“என் மனசுல இருந்தத அப்படியே எழுதியிருந்தாங்க கண்ணு. நான் சொன்னா எப்படிச் சொல்லுவேனோ அதே மாதிரி. கஷ்டம் தெரிஞ்சவங்க யாரோதான் எழுதியிருக்கணும். அதனால நான் வேற எங்கயும் விசாரிக்கல.”

வேறு எங்கும் விசாரிக்கவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு கம்ப்யூட்டர்க்காரி வாசலில் நின்றாள். சீருடையை வாங்கிக்கொண்டாள். தையல் நன்றாக இருக்கிறது என்றாள். அக்கா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மேலே ஏறுகிற சத்தம் வெகு நேரம் கேட்டது. போய்க் கைகொடுக்கவும் அவளுக்குக் கால் வரவில்லை.

மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்க, சமையலறையில் புருஷனிடம் சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். அவன் முதலில் பெண்டாட்டி பக்கம்தான் பேசினான்.

“நீ வார்த்ததான எழுதுன. கையெழுத்து அவங்கதான போடப் போறாங்க.”

“கையெழுத்துப் போட வெக்கிறதே அந்த வார்த்ததாங்க.”

அவன் பாத்திரத்தைத் துடைத்து அடுக்கினான். கடைசித் தட்டை வைத்துவிட்டுத்தான் பேசினான்.

“லிஃப்ட்ல கயிறு தேஞ்சு போயிருக்கறத நான் பாக்குறேன்னு வெச்சுக்க. இன்னிக்கு நான் எண்ணெய் போடத்தான் வந்தேன்னு சொல்லிட்டு வந்துட்டா, நீ என்னப் பத்தி என்ன நெனைப்ப?”

“நான் என்ன நெனைப்பேன்னு இப்போ கேக்காதீங்க,” என்றாள் அவள்.

புதன்கிழமை முதலாளியின் அறைக்குப் போனாள். சண்டை போடப் போகவில்லை, கெஞ்சத்தான் போனாள். அந்த அக்கா எங்கள் கட்டடம், என் பெண்ணை வளர்ப்பவள், நியாயமான விலை கொடுங்கள் என்று கேட்டாள். முதலாளி கோபப்படவே இல்லை. நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது, வாங்குவதற்கு ஆள் ஏது, நான்தான் துணிந்து வாங்குகிறேன் என்றார்.

“அப்போ அதே வீட்ட அவ்வளவு விலைக்கு எப்படி சார் போடுறீங்க?”

“அது வீட்டோட விலை இல்லம்மா. நீ எழுதுற வார்த்தையோட விலை.”

சொல்லிவிட்டு, உங்கள் கட்டடத்துப் பார்ட்டி என்று முன்பே சொல்லியிருந்தால் முன்பே கவனித்திருப்பேனே என்று மேஜை இழுப்பறையைத் திறந்தார். ஒரு கவரை எடுத்து அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார். அந்த நேரம் பார்த்துப் போட்டோக்காரன் ஏதோ கேட்க உள்ளே தலையை நீட்டினான். கவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், நல்ல பிள்ளையாகத் தலையை வெளியே இழுத்துக்கொண்டான். அக்கா வீட்டைப் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்கினாள் என்று சலவைக் கடைவரை வந்து சேர்ந்த சேதி அந்த ஒரு நொடியில் பிடித்த படம்தான். கவர் மேஜைமேலேயே கிடந்தது. அவள் கை அதில் படவில்லை. அவள் எழுந்து வந்த பிறகு முதலாளி அதைத் திரும்ப இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். இதில் மாற்றுப் பேச்சே கிடையாது.

அன்று சாயங்காலம் நேராக நான்காம் மாடிக்குப் போனாள். தையல்காரி மெஷினில் இருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஆபீஸ் எது, மைத்துனன் யார், விலை எவ்வளவு, அந்தப் பக்கத்தை எழுதியது யார், எங்கே கேட்டு எழுதியது என்று. தையல்காரி இடையில் மெஷினை நிறுத்தவில்லை. கையிலிருந்த ஓரத்தைக் கடைசிவரை அடித்து, நூலைக் கத்தரித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“மூணாவது மாடித் திருப்பத்துலயா?”

“ஆமாக்கா.”

“மூட்டைய நீதான வாங்கிக்கிட்ட.”

“ஆமாக்கா.”

“பாவம்னு நீ வாங்கிக்கிட்டதா நெனச்சேன்.”

“பாவம்னுதாங்க்கா வாங்குனேன்.”

“அப்புறம்?”

தையல்காரி துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“விலை கொறைச்சுக் கேட்டாங்கன்னா அது வியாபாரம். நானும் கூலி பேரம் பேசுறவதான். ஆனா நான் உன்கிட்டச் சொன்னேன். ஊருகிட்டச் சொல்லல.” ஜன்னல் பக்கம் திரும்பிக் கேட்டாள். “எனக்கு முன்னாடி எத்தன பேரு?”

“பதினொண்ணு.”

“அவங்க வீட்டுக்கும் போய் இப்படிச் சொல்லுவியா?”

கம்ப்யூட்டர்க்காரி அழுதாள். தையல்காரி அவளை அழ வேண்டாம் என்று சொல்லவில்லை, தொடவும் இல்லை. மறுபடி மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். இவள் இறங்கி வந்துவிட்டாள்.

அக்கா மன்னித்தாளா என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவள் யாரிடமும் இதைப் பற்றிப் பேசவே இல்லை. வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கமிஷன் கதை முளைத்திருக்காது. ஆனால் தான் நம்பிச் சொன்ன ஒரு வாக்கியம் எங்கெல்லாம் போய் நின்றது என்று பார்த்தவள், இன்னொரு தடவை எதற்கு வாயைத் திறக்கிறாள்?

வியாழக்கிழமை காலையில் தையல்காரி மைத்துனனை வரச் சொல்லி, முன்பணத்தைக் கட்டுப் பிரிக்காமல் கையில் கொடுத்துவிட்டாள். வீட்டைக் கொடுக்கவில்லை என்று மட்டும் சொன்னாளாம், காரணம் சொல்லவில்லை. காரணம் யார் என்று கண்டுபிடிக்க ஆபீஸில் யாருக்கும் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பதினொரு மணிக்கு முதலாளி கூப்பிட்டார். வேலையை விட்டு எடுத்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டு போனாள். அப்படி எடுத்திருந்தால் அவளுக்கும் லேசாக இருந்திருக்கும். அவர் போனது போகட்டும் என்றார். உன்னைப் போல் வார்த்தை பிடிக்கிற ஆள் கிடைக்காது என்றார்.

“அடுத்ததுக்கு வா. பிள்ளைங்க எல்லாம் தூரமா இருக்காங்க, பெரிய வீட்டுல ஒத்த ஆளா இருக்காங்க. அவங்க என்ன தட்டுவாங்கன்னு பாத்து வை. சாயங்காலத்துக்குள்ள.”

அவள் தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். பழக்கம் பொல்லாதது, கை தானாகப் பட்டியலைத் திறந்தது. அம்மா தனியாக இருக்கிறாள், வீட்டை என்ன செய்வது. பெரிய வீடு, ராத்திரியில் பயமாக இருக்கிறது. பிள்ளைகள் வர மாட்டார்கள், வீட்டை யாரிடம் கொடுப்பது. பக்கத்திலேயே எண்ணிக்கை இருந்தது. அன்றைக்கு எவ்வளவு பார்த்தாலும் அவளுக்கு அந்த எண்ணிக்கை கண்ணில் ஏறவில்லை. ஒவ்வொரு வரியும் ஒரு திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல நின்றது.

பட்டியலை மூடினாள். விற்கிறவர்களுக்காகப் போட்ட பக்கங்களைத் திறந்து, மாடிப் பக்கத்தை முதலில் அழித்தாள், பிறகு மற்றவற்றையும் ஒவ்வொன்றாக அழித்தாள். அழித்தாலும் தேடுகிற பெட்டியில் அதன் நிழல் சில நாள் நிற்கும், வார்த்தையும் போன் நம்பரும் தெரிந்துகொண்டேதான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். சீக்கிரம் எடுத்துவிடு என்று விண்ணப்பம் போடலாம். போட்டாள். சில நாள் ஆகும் என்று பதில் வந்தது. அந்தச் சில நாளில் யார் யார் வந்து விழுவார்களோ, அதற்கு அவளிடம் வழி இல்லை.

அப்போது மைத்துனன் மேஜை போன் அடித்தது. அவன் டீ குடிக்கப் போயிருந்தான். நாலைந்து தடவை அடித்ததும் அவளே எழுந்துபோய் எடுத்தாள். வயதான ஆண் குரல். பொண்டாட்டிக்கு மூட்டு வலி, இரண்டாவது மாடி, உங்கள் பக்கத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தேன், எங்கள் நிலைமையை நேரில் பார்த்தது போல எழுதியிருக்கிறீர்கள் என்றது குரல்.

முதலாளி அறையின் கதவு திறந்துதான் இருந்தது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

“ஐயா, வீட்ட இங்க குடுக்காதீங்க. பக்கத்து வீடு என்ன விலைக்குப் போச்சுன்னு முதல்ல கேளுங்க. இன்னும் மூணு இடத்துல கேளுங்க. அவசரம்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

பெரியவர் கேட்டார்.

“அப்போ ஏம்மா அப்படி எழுதி வெச்சிருக்கீங்க?”

“நான்தாங்க எழுதுனேன்,” என்றாள். போனை வைத்தாள்.

முதலாளி அறை வாசலில் வந்து நின்றிருந்தார். போட்டோக்காரன் லென்ஸைத் துடைக்கிற கையை நிறுத்தியிருந்தான். அவள் கைப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, நாற்காலியை மேஜைக்குள் தள்ளிவிட்டு நடந்தாள். தைரியசாலியாக நடந்தாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனசு லேசாகிவிடவில்லை, பதினோரு வீட்டையும் சுமந்துகொண்டுதான் நடந்தாள்.

கண்ணாடிக் கதவைத் தள்ளி ஒரு காலை வெளியே வைத்தபோது, பின்னால் மைத்துனன் மேஜையில் மறுபடி போன் அடித்தது. கதவைப் பிடித்தபடி நின்றாள். மூன்று தடவை அடித்தது. நான்காவதில் யாரோ எடுத்தார்கள். யார் என்று திரும்பிப் பார்க்க முடியாமல், கதவை விட்டுவிட்டு, டயர் கடைக்குப் பக்கவாட்டுப் படியில் இறங்கித் தெருவுக்குப் போனாள்.